பதிப்பு இரண்டில் எங்கள் லயம்

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிடுகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும். எதைச் சேர்த்தோம், எதைத் திருத்தினோம் என்று ஒரு குறிப்பு எழுதுவார்கள். உதவியவர்களுக்கு நன்றி சொல்வார்கள். இணையத்தில் ஏற்றிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் மீன் விற்கிற ஆட்டோவில் ஏறி, மைக்கைப் பிடித்து, லயம் லயமாகப் போய்ச் சொன்னோம். இது என்ன கூத்து என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பிறந்த லயத்திலேயே இன்னும் இருக்கிறேன். ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். அம்மா கொழுந்து எடுக்கிறாள். நான் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் ஒரு கணினி வகுப்பில் பாடம் நடத்துகிறேன். மிச்ச நேரம் முழுவதையும் இந்த மென்பொருள் தின்றுவிடுகிறது.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. போனில் ஒரு லயத்தின் பெயரை அடித்தால் அங்கே போகிற பாதையைக் காட்டும். சிக்னல் இல்லாத மலையிலும் காட்டும். திறந்த மூல மென்பொருள் என்பதால் யாரும் காசு கொடுக்க வேண்டாம். யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போய்த் தனியாக நடத்தலாம். 

பக்கத்து வீட்டு மாமா வாய் கோணி விழுந்த அன்றைக்குத்தான் இதற்கு விதை விழுந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. வந்து, பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்றுவிட்டது. அந்தச் சாரதியின் போனில் பிரதான வீதி இருந்தது, தொழிற்சாலை இருந்தது, தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா இருந்தது. நாங்கள் இருந்த இடத்தில் வெறும் பச்சை. தேயிலை மட்டும் தானாக முளைத்துத் தானாகக் கொழுந்து பறித்துக்கொள்கிறது என்று நினைத்து வரைந்தார்கள் போலிருக்கிறது. மாமாவைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை இன்றுவரை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பாதை தெரியாமல் நின்ற அந்த நேரத்தை நான் மன்னிக்கவில்லை. சாரதியைச் சொல்லவில்லை, அந்தப் பச்சையைச் சொல்கிறேன்.

என்னோடு சேர்ந்து இதைக் கட்டியவர் ஹட்டன் கடைவீதியில் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. என் வயதுதான். அவருடைய முன்னோரும் கப்பலேறி வந்தவர்கள்தான், ஆனால் கூடை சுமக்க வரவில்லை. எங்கள் வீட்டில் அவருக்குச் சின்ன மொதலாளி என்று பெயர். முதலில் கேலியாகத் தொடங்கியது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. கோட் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல் பதிப்பில் எங்கள் தோட்டமும் சுற்றியுள்ள சில தோட்டங்களும் மட்டுமே இருந்தன. அதிலும் லயங்களுக்கு ஆபிஸ் இலக்கங்கள்தான். அந்த இலக்கங்கள் தோட்டத்து ஆபிஸைத் தவிர யாருக்கும் தெரியாது. இரண்டாம் பதிப்பில் டிக்கோயாவிலிருந்து பூண்டுலோயா வரை எல்லாம் வர வேண்டும், எல்லா லயத்துக்கும் ஜனங்கள் சொல்கிற பெயரே வர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். விதியையும் நானே எழுதினேன்: ஜனங்கள் சொல்வதே பெயர். யாரும் பெயர் சேர்க்கலாம். வேறு மூன்று பேர் ஆமாம் என்றால் அது தானாக ஏறிவிடும். பெயர்கள் மழை மாதிரி வந்தன. கோயில் லயம், பள்ளிக்கூட லயம், தொங்கப்பால லயம், எரிஞ்ச லயம். ஒவ்வொன்றும் ஏறும்போது அந்தப் பச்சையில் ஓர் ஓட்டை விழுகிறது என்று எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

சோதனைப் பதிப்பு தயாரான ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். எதையும் வெளியிடுவதற்கு முன்னால் அம்மாவிடம்தான் முதலில் கொடுப்பேன். எந்தப் பொத்தானை அமுக்கக் கூடாதோ அதைச் சரியாகத் தேடி அமுக்குவாள். அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"நம்ம வீடு வருதா புள்ள? அத மொதல்ல காட்டு."

எங்கள் லயத்தைத் தொட்டுப் பெரிதாக்கினேன். பெயர் பெரிய எழுத்தில் வந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். கூட்டிப் படித்தாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு பாடும். எங்கள் சாதியைச் சொல்லி, அதோடு ஓர் இளப்பத்தையும் ஒட்டவைத்த பெயர். மலைச்சரிவில் எங்களுக்குக் கீழே இருந்தாலும் சாதியில் மேலே என்று நினைக்கிற கீழ் லயத்துக்காரர்கள் காலங்காலமாக எங்கள் லயத்துக்குச் சொல்வது அதைத்தான். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்கள், பெரட்டுக் களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போது சொன்னார்கள், சாமி ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வராமல் திரும்பும்போதும் அதைச் சொல்லித்தான் திருப்பினார்கள்.

அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதையும் நீதான் எழுதுனியா?"

"இல்லம்மா. வேற யாரோ சேத்திருக்காங்க. மூணு பேரு சரின்னு சொன்னதும் அதுவா ஏறிடுச்சு."

"மூணு பேரு என்னா, முப்பது பேரு சொல்லுவாங்க" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சேர்த்தவர் கெட்ட எண்ணத்தில் சேர்க்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. வேறு தோட்டத்துக்காரர்; கேட்டார், சொன்னார்கள், எழுதினார். நான் போட்ட விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது. எங்கள் லயத்தை வரைபடத்தில் கொண்டுவர நான் உயிரைக் கொடுத்து வேலை செய்து, கடைசியில் அந்த வசவை உலகம் பூராவும் கொண்டுபோக வழி செய்திருந்தேன்.

உடனே சின்ன மொதலாளியை அழைத்து வெளியீட்டை நிறுத்தச் சொன்னேன். அவர் கடையில் இருந்தார். பின்னால் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. விஷயத்தைக் கேட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"எனக்கும் புடிக்கலதாங்க. ஆனா பேர எடுத்துட்டா தேடுறவங்களுக்குக் கெடைக்காதே? எப்பவும் ஒங்க லயத்து ஆளுதான் கூப்புடுவாங்கன்னு இல்லையே. பக்கத்து லயத்துக்காரன் கூப்புடுவான். அவன் வாயில என்னா வருதோ அதத்தானே அடிப்பான்?"

"அவன் வாயில வர்றத நான் எதுக்குங்க அச்சடிக்கணும்?"

"நீங்கதானே சொன்னீங்க, ஜனங்க சொல்றதுதான் பேருன்னு."

"எந்த ஜனங்க? எங்கள நீங்க ஜனத்துல சேக்கலையா?"

அவர் நல்லவர். அதனால்தான் அந்தக் கேள்வி அவருக்குச் சுட்டது. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாமாவின் தொங்குகிற கை என் கண்முன்னால்தான் தினமும் நடமாடுகிறது. என் ரோஷத்துக்காக இன்னோர் ஆம்புலன்ஸ் முச்சந்தியில் நின்றால் அந்தப் பழி யார் தலையில் விழும்? கூப்பிடுகிறவன் எங்களைக் கண்டுபிடிக்கவும் வேண்டும், எங்களை அப்படிக் கூப்பிடவும் கூடாது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

முதலில் விதியை மாற்றினேன். அங்கே குடியிருக்கிறவர்கள் சொல்வதே பெயர். அதை மாற்றிய பிறகுதான் வேடிக்கை தெரிந்தது. எங்கள் லயத்துக்கு நாங்கள் சொல்கிற பெயர் என்று ஒன்று இல்லவே இல்லை. 'நம்ம லயம்' என்போம், 'வீட்டுக்குப் போறேன்' என்போம். இவ்வளவு காலமும் எங்களுக்குப் பெயர் வைக்கிற வேலையை மற்றவர்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குப் பின்னேரம் பீலிக்கரையில் எல்லோரையும் கூட்டினேன். பீலி என்றால் மலை ஊற்றிலிருந்து தண்ணீர் வந்து விழுகிற இடம். எங்கள் லயத்தை ஒட்டி மேலே இருக்கிறது. குளிப்பதும் துவைப்பதும் சண்டை போடுவதும் அங்கேதான். நான் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கு ஆள் கத்த ஆரம்பித்தார்கள். மாரியம்மன் பெயரை வைக்கலாம் என்றார் ஒருவர். தொழிற்சங்கத் தலைவர் பெயரை வைத்தால் கூரைத் தகரம் கிடைக்கும் என்றார் இன்னொருவர். போன தடவை அவர் கொடுத்த தகரம் எங்கே என்று கேட்டதும் அந்த யோசனை அங்கேயே படுத்துக்கொண்டது.

எங்கள் லயத்தில் ஆட்டோவில் மீன் விற்கிற அண்ணனின் மனைவி குடத்தைக் கல்லில் வைத்துவிட்டுக் கேட்டார்: "கீழ் லயத்துக்குத் தண்ணி எங்கேருந்து போவுது?"

"இந்த ஊத்துலேருந்துதான்" என்றேன்.

"நம்ம வாசல் வழியா பைப்புல போவுதில்ல? நம்ம வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டாங்க. நம்ம வாசலத் தாண்டி வர்ற தண்ணியிலதான் அவுங்க வீட்டுத் தேத்தண்ணி கொதிக்குது. ஊத்து லயம்னு வைங்க. சொல்லட்டும் வாயால."

எல்லோரும் சிரித்தோம். மாமா நல்ல கையால் கல்லில் தட்டினார். வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா "ஊத்து லயம்" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்ததைக் கேட்டேன்.

இனி மற்றப் பாதி. கீழ் லயத்துக்காரர்கள் பழைய பெயரை அடித்தால் என்ன செய்வது? அந்தப் பெயரை எங்கள் கோப்பில் ஒரு மூலையில் ஒளித்துவைத்தால் தேடலாம். ஆனால் திறந்த மூலத்தில் மூலை ஏது? திறக்கிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. ஒரு சொல்லைக் கணினியில் போட்டு அரைத்து, எண்ணும் எழுத்துமாக ஒரு நீண்ட கோவையாக ஆக்கலாம். அதே சொல்லை யார் அடித்தாலும் அதே கோவை வரும், ஆனால் கோவையிலிருந்து சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தை மறுபடி செடியில் ஒட்ட முடியாதது மாதிரி. அந்தச் சொல்லைத் தெரிந்தவன் அடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்தான். அடிப்பது அவன் கையாக இருக்கட்டும்.

அரைப்பதற்கு ஒரு தடவை நானே அதை அடிக்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் அதை எழுதியது அந்த ஒரு தடவைதான். ஆத்திரத்தோடு அடித்தேன், அரைத்தேன், சொல்லை அழித்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவாகியிருக்கிற பழைய வரலாற்றிலிருந்தும் தோண்டி எடுத்து அழித்தேன். எங்கள் தொழிலில் வரலாற்றை மாற்றுவது பெரிய குற்றம். செய்தால் கூட வேலை செய்கிறவர்கள் மூஞ்சியைத் தூக்குவார்கள். எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். மூஞ்சியைத் தூக்கியவர்கள் பிறகு இறக்கிக்கொண்டார்கள்.

இப்போது யாராவது பழைய பெயரை அடித்தால் திரையில் இப்படி வரும்: 'அந்தப் பெயரில் லயம் எதுவும் இல்லை. நீங்கள் தேடுவது ஊத்து லயமா?' ஆம் என்று தட்டினால்தான் பாதை வரும்.

சின்ன மொதலாளி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு தட்டு அதிகமாவுதுங்க. ஆபத்துல அதுவும் நேரம்தானே?"

"கண்ண மூடித் தொறக்கிற நேரம். அதுக்குள்ள ஒரு தடவ எங்க பேரப் படிக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அந்த 'ஆம்' பொத்தானைத் திரை முழுவதும் வருகிற மாதிரி அவரே பெரிதாக்கிக் கொடுத்தார். நடுங்குகிற விரல்கூடத் தவறாது. நான் சொன்னேனே, என்னைவிடக் கெட்டிக்காரர்.

வெளியீட்டுக் குறிப்பு எழுதியாகிவிட்டது. ஆனால் இணையத்தில் போட்ட குறிப்பை யார் படிப்பார்கள்? உலகத்தில் எங்கோ இருக்கிற நாலு கணினிக்காரர்கள் கைதட்டுவார்கள். ஊத்து லயம் என்று ஒன்று இருப்பது கீழ் லயத்துக்கு அல்லவா தெரிய வேண்டும்? எங்கள் தோட்டத்தில் எதையும் அறிவிப்பதென்றால் கோயில் மைக்தான். கமிட்டித் தலைவரிடம் போனேன்.

"கோயில் மைக்குல லயத்துப் பேரெல்லாம் சொல்றதுக்கு இல்லம்மா. சாமி விசயம் மட்டுந்தான்."

"போன வாரம் காணாமப் போன ஆட்டுக்கு மூணு தடவ சொன்னீங்களே?"

"அது வேற" என்றார்.

பெருசு ஒருவர் தப்பு மேளம் அடித்துச் சொல்லலாம் என்றார். முன்பெல்லாம் சாவுக்கும் திருவிழாவுக்கும் பெரட்டுக்கும் எங்கள் லயத்து ஆண்கள்தான் தப்படித்து ஊருக்குச் சொன்னார்கள். மீன்கார அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "ஊரான் விசயத்துக்கு அடிச்சு அடிச்சுத்தான் அந்தப் பேரு வந்திச்சு. விட்டது விட்டதுதான். என் ஆட்டோவுல மைக்கு இருக்கு. ஏறு தங்கச்சி."

ஏறினேன். பக்கத்தில் ஐஸ் பெட்டி, உள்ளே சாளையும் கெலவல்லா மீனும். ஆட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டதும் வழக்கம்போல் பெண்கள் சட்டியும் கையுமாக வெளியே வந்தார்கள். கீழ் லயத்து முச்சந்தியில் அண்ணன் வண்டியை நிறுத்தி மைக்கை என்னிடம் நீட்டினார். கூட்டத்தின் ஓரத்தில் கமிட்டித் தலைவரும் நின்றார். அவரைப் பார்த்ததும் குரல் தானாக வந்தது.

"எல்லாருக்கும் வணக்கங்க. லயத்துக்குப் பாதை காட்டுற மென்பொருளோட ரெண்டாவது பதிப்பு இன்னிக்கு வெளிவருது. காசு கெடையாது. டிக்கோயாவிலேருந்து பூண்டுலோயா வரைக்கும் லயங்களச் சேத்திருக்கோம். சிக்னல் இல்லாட்டியும் வேல செய்யும். சிங்களத்துலயும் படிக்கலாம். புதுசா ஒரு திருத்தம். மேல பீலிக்கிட்ட இருக்கிற எங்க லயத்துக்குப் பேரு ஊத்து லயம். நீங்க குடிக்கிற தண்ணி வர்ற லயம். வேற பேரு எதையாவது அடிச்சா அப்பிடி ஒரு லயம் இல்லன்னு சொல்லும். கோளாறுன்னு நெனைச்சுக்காதீங்க. நாங்க சொல்லித்தான் அது சொல்லுது."

ஒரு சட்டி கீழே விழுந்து உருண்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். ஒரு பெண் மட்டும் ரொம்ப இயல்பாக, "எப்பிடிப் போன்ல ஏத்துறது, காட்டு" என்று பக்கத்தில் வந்தாள். அவளுக்குக் காட்டினேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் மீனை நிறுத்துக்கொண்டே, "ஊத்து லயத்து மீனு, ஊத்து லயத்து மீனு" என்று கூவினார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் கொஞ்சம் மட்டம்தான். பரவாயில்லை என்றார்.

மழை பிடித்த மாதத்தில் மாமா மறுபடி விழுந்தார். பட்டப்பகல், லயத்தில் அன்றைக்கு வேலைக்குப் போகாத அம்மாவும் மாமாவும் மட்டும். ஆம்புலன்ஸை அழைத்த அம்மா லயத்தின் பெயரைத்தான் சொன்னாள், வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. வந்த சாரதி சிங்களவர். எங்களை யார் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. முச்சந்தியில் நிற்கவில்லை, நேராக வாசலுக்கே வந்து, போனைப் பார்த்தபடி கேட்டாராம்: "மேக்கத ஊத்து லைம?" இதுதானா ஊத்து லயம் என்று.

"ஒவ் மாத்தயா, மேக்க தமாய்" என்றிருக்கிறாள் அம்மா. ஆமாம் ஐயா, இதேதான். நான் வகுப்பிலிருந்து நேரே டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மாமா கண்ணைத் திறந்திருந்தார். அம்மா நோயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொன்னாள், இரண்டு தடவை.

அந்த வாரமே எங்கள் மென்பொருளின் இணையப் பக்கத்தில் ஒரு முறைப்பாடு வந்து விழுந்தது. பெயர் போடாத ஆள். தலைப்பு: பிழை. பழைய பெயரை அடித்தால் நேராகப் பாதை வரவில்லை, ஒரு தட்டு அதிகமாகிறது, அவசரத்துக்கு உதவாது, உடனே பழையபடி மாற்றவும் என்று எழுதியிருந்தது. அந்தப் பழைய பெயரை எழுத மட்டும் அவருக்குக் கை வரவில்லை. 'எல்லோரும் சொல்கிற பெயர்' என்று போட்டிருந்தார்.

நான் பார்ப்பதற்குள் சின்ன மொதலாளி அதை, முடிந்த விஷயம் என்று மூடிவிட்டார். காரணம் என்ற இடத்தில், பிழை அல்ல என்று மட்டும் எழுதியிருந்தார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மூடியதை மறுபடி திறந்தேன். ஒரு பதில் எழுதினேன்.

'வணக்கம். நீங்கள் சொல்வது சரி. ஒரு தட்டு அதிகம்தான். தட்டுங்கள்.'

எழுதிவிட்டு, என் கையால் மூடினேன்.